முதல் குஞ்சு இறக்கப் போகும் மருமகனுக்கு

கண்ணு,

வரும் வெள்ளிக்கிழமை உன் ஷெட்டில் முதல் பேட்ச் இறங்குகிறது என்று உன் அப்பா சொன்னான். மூவாயிரம் குஞ்சு. போனில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எதிர்ப்புச் சக்திக்குத் தண்ணியில என்ன கலக்கட்டும் அத்தை?” நான் உடனே பதில் சொல்லவில்லை. உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். 1998-இல் பல்லடம் பக்கத்தில் உன் மாமாவும் நானும் இரண்டாயிரம் குஞ்சோடு தொடங்கியபோது நானும் இதையேதான் எல்லோரிடமும் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் கலந்தேன். கோழிகள் செத்தன, சில பேட்ச் பிழைத்தன, எது எதனால் என்று எனக்குத் தெரியவே இல்லை.

உன் கேள்வியில் தவறில்லை. ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவற்றை நீ இன்னும் கேட்கவில்லை. ஆகவே மெதுவாக எழுதுகிறேன். மெதுவாகப் படி.

1. ஊற்றுவதற்கு முன் பார்.
ஷெட்டுக்குள் போனதும் கையில் எதையும் எடுக்காதே. வாசலிலேயே ஐந்து நிமிடம் நில். குஞ்சுகள் புரூடருக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். புரூடரை விட்டு விலகி, சிறகை விரித்து வாய் பிளந்தால் சூடு. எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவிப் படுத்து மெல்லக் கீச்சிட்டுக்கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது. முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கட்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டு வா. எங்கள் மூன்றாவது பேட்ச் மார்கழியில் இறங்கியது. குஞ்சுகள் தெற்கு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. சளி என்று நானாக முடிவு கட்டி, துளசியையும் பூண்டையும் இடித்து இரண்டு நாள் தண்ணீரில் ஊற்றினேன். நூற்று நாற்பது குஞ்சு போனது. மூன்றாம் நாள் விடியற்காலையில் உன் மாமா வடக்குப் படுதாவில் ஒரு முழ நீளக் கிழிசலைக் கண்டுபிடித்தார். கோணி ஊசியும் சணலும் எடுத்துக் கால் மணி நேரத்தில் தைத்து முடித்தார். அன்று மாலையே குஞ்சுகள் பரவிப் படுத்தன. கண் விட்டதைக் கை ஊற்றி நிரப்ப முடியாது கண்ணு.

2. தண்ணீரில் கலப்பதைப் பற்றி யோசிக்கும் முன், தண்ணீரில் ஏற்கெனவே கலந்திருப்பதைக் கேள்.
கோழி தின்னும் தீவனத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். கோடையில் அதற்கும் மேலே போகும். அப்படியானால் அதன் உடம்புக்குள் அதிகம் போவது தீவனம் அல்ல, உன் போர்வெல். அந்தத் தண்ணீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்து உப்பு, காரத்தன்மை, கிருமி மூன்றையும் பார். குளோரின் இடுவதானால் 33 சதவீதம் உள்ள நல்ல பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்குச் சுமார் 10 கிராம். அதை வாளியில் கரைத்து, தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்று. சோதித்துப் பார்ப்பது தொட்டியில் அல்ல, குழாயின் கடைசி நிப்பிளில். அங்கே 2 முதல் 3 பிபிஎம் இருக்க வேண்டும். நாங்கள் பல வருடம் தொட்டியை மட்டும் தேய்த்துக் கழுவி, குழாயை மறந்தோம். ஒரு நாள் பழைய குழாய் ஒன்றை அறுத்தபோது உள்ளே விரல் வைத்தேன். வெண்டைக்காய்ச் சாறு மாதிரி வழவழத்தது. அத்தனை காலம் மூலிகைச் சாறு என்று நான் ஊற்றியது அந்தப் பாசிக்குத்தான் உரமானது. பேட்ச் முடிந்ததும் குழாயை அலசிவிடு. சாறு ஏதேனும் விட்ட நாளிலும் மாலையில் வெறும் தண்ணீர் விட்டு அலசு.

3. அன்புக்கும் அளவு வை.
தூரத்திலிருந்து வண்டியில் வரும் குஞ்சு களைத்திருக்கும். முதல் சில மணி நேரம் கொஞ்சம் வெல்லம் கரைத்த தண்ணீரோ எலக்ட்ரோலைட்டோ கொடுக்கலாம். அதோடு நிறுத்து. “பாவம், சின்னக் குஞ்சு” என்று நான் மூன்று நாள் வெல்லத் தண்ணீர் விட்டேன். பின்புறம் பிசுபிசுத்து அடைத்துக்கொண்டது. டிரிங்கரில் எறும்பு மொய்த்தது. குஞ்சு வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சத்தோடுதான் பிறக்கிறது. தாய் கட்டிக் கொடுத்த சோற்று மூட்டை அது. இரண்டு மூன்று நாளைக்கு அது தாங்கும்; தாயின் எதிர்ப்புச் சக்தியும் அதோடு வரும். ஆனால் சீக்கிரம் தீவனம் உள்ளே போனால்தான் குடல் விழித்துக்கொண்டு, அந்த மூட்டையும் நன்றாகச் செரிக்கும். ஆகவே இறக்கிய அன்று இரவு இரைப்பையைத் தடவிப் பார். பத்துக் குஞ்சில் எட்டுக்காவது மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். மறுநாள் காலை கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும். கல் போல் கெட்டியாக இருந்தால் தீவனம் தின்றும் தண்ணீர் குடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த முதல் நாள் இரவில் நீ தூங்காதே. அந்த ஒரு ராத்திரிக்கு ஈடான டானிக்கை நான் இதுவரை பார்த்ததில்லை.

4. எதிர்ப்புச் சக்தி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்.
கோழியின் கழிவுப் பாதைக்கு மேலே ஒரு சின்னப் பை உண்டு. பர்சா என்பார்கள். 1956-இல்தான் அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற மாணவரும் அவருடன் சேர்ந்தவர்களும் அந்தப் பையை எடுத்துவிட்ட கோழிகளால் நோயை எதிர்க்கும் பொருளை உண்டாக்க முடிவதில்லை என்று எழுதினார்கள். நாம் தேடும் எதிர்ப்புச் சக்தியில் பெரும் பங்கு அந்தப் பையில் பயின்று வருகிறது. கம்போரோ நோய் நேராக அந்தப் பையைத்தான் தாக்கும். அது போய்விட்டால் மற்ற நோய்களுக்கெல்லாம் கதவு திறந்துவிடும். ஆகவே டாக்டர் சொன்ன நாளில் தடுப்பு மருந்து போடு; பொதுவாக முதல் வாரத்தில் வெள்ளைக் கழிச்சலுக்கான லசோட்டா, இரண்டாம் வாரத்தில் கம்போரோ. ஒரு முறை வீட்டுக் கல்யாணத்துக்காகக் கம்போரோ மருந்தை ஐந்து நாள் தள்ளிப்போட்டேன். “கீழாநெல்லிச் சாறு கொடுத்திருக்கிறோமே” என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கல்யாணச் சாப்பாட்டுக் கடன் அடைவதற்குள் கோழிக் கடன் சேர்ந்துவிட்டது. மூலிகை காவல்காரனுக்குச் சோறு போடலாம். காவல்காரனை வேலைக்குச் சேர்ப்பது தடுப்பு மருந்துதான்.

5. தடுப்பு மருந்து நாளில் வேறு எதையும் சேர்க்காதே.
தண்ணீரில் விடும் தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. குளோரின் அதைக் கொன்றுவிடும். முந்தின நாளும் அன்றும் மறுநாளும் பிளீச்சிங் பவுடர், காடி, மூலிகைச் சாறு எதுவும் வேண்டாம். வெயிலின் கடுமையைப் பொறுத்து ஒன்றிரண்டு மணி நேரம் தாகமெடுக்க விட்டு, குளிர்ந்த தண்ணீரில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து, அதன் பிறகு மருந்தைக் கலந்து, இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாக் கோழியும் குடித்து முடிக்கும்படி பார்த்துக்கொள். ஓரத்தில் நிற்கும் நோஞ்சான்களை நீயே ஓட்டிக் கொண்டுவா. பலமானது தானாகக் குடித்துக்கொள்ளும். இந்த ஒரு வேலையை மட்டும் ஆள் விட்டுச் செய்யாதே. அவசரக்காரன் கையில் நல்ல மருந்தும் வெறும் தண்ணீர்தான்.

6. மஞ்சளை நம்பு; பொட்டலத்தை நம்பாதே.
நம் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உனக்கும் பெருமையாக இருக்கும். அதன் நிறமும் குணமும் குர்குமினால் வருவது. மஞ்சளில் அது நூற்றுக்குச் சில பங்குதான்; அதிலும் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம். மிளகோடு சேரும்போது கூடுதலாக ஒட்டுகிறது என்று மனிதர்களிடம் செய்த சோதனையில் கண்டிருக்கிறார்கள். நம் பாட்டிமார் மஞ்சளையும் மிளகையும் சேர்த்தே அரைத்ததை நினைத்துக்கொள். கோழித் தீவனத்தில் கிலோவுக்கு 5 கிராம் அளவில் கொடுத்துப் பலர் சோதித்திருக்கிறார்கள். சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே அதை அற்புதமாகவும் எண்ணாதே, அலட்சியமாகவும் எண்ணாதே. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு முறை மூட்டையாகத் தூள் வாங்கினேன். கையில் தேய்த்தால் சாயம் போகவே இல்லை. நிறத்துக்காக ஈயம் கலந்த சாயத்தைச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது மனம் பதறியது. அன்றுமுதல் கிழங்காகவே வாங்கி அரைக்கிறேன். மருந்தில் மலிவு தேடினால் நஞ்சுதான் முதலில் கிடைக்கும்.

7. பூண்டிடம் பொறுமையைக் கற்றுக்கொள்.
முழுப் பூண்டில் அந்தக் காரமான மருந்துச் சத்து இல்லை. இடிக்கும்போதுதான் அதற்குள் தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. ஆகவே இடித்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு கலக்கு. இடித்தவுடன் கொதிக்க வைத்தால் அது உண்டாகும் வழியே அடைந்துபோகும். நான் வருடக்கணக்கில் முழுப் பல்லாகக் கொதிக்க வைத்து, மணத்தைப் பார்த்துப் பலன் என்று நம்பினேன். சாற்றை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டாமல் நிப்பிள் குழாயில் விடாதே. ஒரு மாசி மாதம் சக்கை அடைத்து ஒரு வரிசை முழுக்கத் தண்ணீர் வரவில்லை. மதியம்வரை எனக்குத் தெரியவில்லை. எதிர்ப்புச் சக்தி கொடுக்கப் போய்த் தாகத்தைக் கொடுத்தேன். இப்போது சாறு கொடுப்பதானால் பழைய மணி டிரிங்கரில் மட்டும், காலையில் இரண்டு மணி நேரம். மீந்ததைக் கொட்டிவிடுவேன்.

8. ஒன்றைச் சேர்; ஒன்பதைச் சேர்க்காதே.
மஞ்சள், பூண்டு, சீரகம், கீழாநெல்லி, நிலவேம்பு, முருங்கை என்று எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெய்வத்துக்கும் தெரியாது. தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி நம் நாட்டு மூலிகை வைத்தியத்தைக் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தபோது எது எத்தனை கிராம், எப்படி அரைப்பது என்று அளவோடு எழுதிக் கொடுத்தார். அளவு இருந்தால்தான் அது வைத்தியம். முருங்கை இலை உலர்ந்த நிலையில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு புரதம் உள்ள பொன்னான இலை. ஆனால் அதிகமானால் கோழி தீவனத்தைக் குறைக்கிறது. வேப்பிலையும் அப்படித்தான். ஒரு பேட்ச் நன்றாக எடை வந்தபோது முருங்கைப் பொடிதான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்னேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் அது தை மாதப் பேட்ச். வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. அடுத்த பேட்சில் ஷெட்டைத் தட்டி வைத்துப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே எடை. என்னிடம் பொடி வாங்கிப் போனவர்கள் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து என் பேச்சை நம்பினார்கள்.

9. கம்பெனி சூப்பர்வைசரிடம் மறைக்காதே.
நீ ஒப்பந்தத்தில் வளர்க்கிறாய். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது. இடமும் உழைப்பும் உன்னுடையது. அந்தத் தீவனத்தில் சத்தெல்லாம் கணக்குப் போட்டுச் சேர்த்திருக்கும். இரத்தக் கழிச்சலுக்கான மருந்தும் பெரும்பாலும் இருக்கும். அதன்மேல் நீ கையால் தூவுவது ஒரு சீராகக் கலக்காது; ஒரு கோழிக்கு அதிகம், ஒரு கோழிக்கு ஒன்றுமே இல்லை. எதையாவது கொடுக்க நினைத்தால் முன்கூட்டியே சொல். வேண்டாம் என்றால் ஏன் என்று கேள். கோழி சுணங்கும்போது டாக்டர் முதலில் கேட்பது “என்ன கொடுத்தீங்க?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒரு முறை நான் பொய் சொன்னேன். அவர் தவறான பக்கம் நோயைத் தேடினார். இரண்டு நாள் வீணானது. வாய் மறைத்ததற்குக் கோழி உயிரைக் கொடுத்தது.

10. எல்லாக் கிருமியையும் பகையாக எண்ணாதே.
என் மாமியார் நாட்டுக்கோழிகளுக்குப் பழைய சோற்றில் மோர் விட்டு வைப்பார். அதில் ஒரு அறிவு இருந்தது. 1973-இல் பின்லாந்தில் நூர்மி என்பவர், வளர்ந்த ஆரோக்கியமான கோழியின் குடலில் உள்ளதைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். அந்தக் குஞ்சுகள் சால்மோனெல்லாவை எதிர்த்து நின்றன. நல்ல கிருமி முதலில் குடியேறிவிட்டால் கெட்டதற்கு இடம் இருக்காது. தாய்க்கோழியின் பின்னால் மேயும் குஞ்சுக்கு இது தானாகக் கிடைக்கும். பொரிப்பகத்துக் குஞ்சுக்கு நாம்தான் வழி செய்ய வேண்டும். அதற்காக அண்டா நிறைய மோர் ஊற்றாதே. பாலில் உள்ள சர்க்கரை கோழிக்குச் செரிக்காது, அதிகமானால் கழியும். புரோபயாடிக் கொடுத்தால் அன்று தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. விருந்தாளியை அழைத்துவிட்டு வாசலில் நாயை அவிழ்த்துவிடாதே.

11. காடியையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதே.
இதை மட்டும் தொட்டிச் சுவரில் எழுதி வை. நம் பக்கத்துத் தண்ணீர் காரமும் கடினமும் உள்ளது. காடியோ கம்பெனி கொடுக்கும் அமிலமோ கொஞ்சம் சேர்த்தால் காரம் குறையும். கெட்ட கிருமிக்கு அது பிடிக்காது. நல்லதுதான். ஆனால் கெட்டியான அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நெஞ்சைச் சுடும் நஞ்சு. எங்கள் ஷெட்டில் வேலைக்கு இருந்த பையன் அறியாமல் அப்படிச் செய்தான். உன் மாமா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். இரண்டு பேரும் ஒரு வாரம் இருமினார்கள். அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதது என் குற்றம். இரண்டுக்கும் தனி அலமாரி, தனி வாளி, தனி நாள் வை. உன்னிடம் வேலை செய்கிறவரின் மூச்சும் உன் பொறுப்பு.

12. கெட்டுப்போன தீவனத்துக்குப் பரிகாரம் தேடாதே.
1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் தெரியாமல் தவித்தார்கள். கடைசியில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு என்று தெரிந்தது. அப்படித்தான் அஃப்ளடாக்சினை உலகம் அறிந்தது. அது ஈரலைத் தின்னும், எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. மூட்டையைத் தரையில் வைக்காதே. பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு அடி தள்ளி அடுக்கு. ஒரு ஐப்பசி மழையில் எங்களுக்கு நான்கு மூட்டை நனைந்தது. வெயிலில் காயவைத்து, கீழாநெல்லியும் மஞ்சளும் சேர்த்துக் கொடுத்தால் ஈரலைக் காக்கும் என்று நம்பினேன். நான்கு மூட்டையைக் குப்பையில் கொட்ட மனம் வராததற்கு ஒரு பேட்ச் முழுவதும் எடை குறைந்து நின்றது. கட்டியோடு கிடக்கும் தீவனம் கண்ணில் பட்டால் யோசிக்காதே, ஒதுக்கிவிடு. அடியில் ஓட்டை உள்ள பானைக்கு நல்ல மூடி தேடாதே.

13. மண்டியிட்டுப் பார்.
ஷெட்டில் நீ நிற்கும் உயரத்தில் காற்று நன்றாகத்தான் இருக்கும். கோழி மூச்சு விடும் உயரத்துக்குக் குனி. கண் எரிந்தால் அமோனியா ஏறிவிட்டது. அது மூச்சுக்குழாயின் உள்தோலைக் கெடுத்து நோய்க்கு வழி விடும். தரையில் பரப்பியிருக்கும் மஞ்சியைக் கைப்பிடி எடுத்து அழுத்து. உருண்டையாகிப் பிறகு உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை போல் அப்படியே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. ஒட்டாமல் புழுதியாகப் பறந்தால் காய்ந்துவிட்டது. இரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டை ஈர மஞ்சியில் ஒன்றிரண்டு நாளில் பக்குவமாகிவிடும். தண்ணீர்க் குழாயின் உயரத்தைக் கோழி வளர வளர ஏற்று. ஒழுகும் நிப்பிளை அன்றே மாற்று. மஞ்சியைத் தினமும் கிளறு. ஒழுகலை நிறுத்தாமல் கசப்புக் கஷாயம் கொடுத்த நாட்கள் எனக்கு உண்டு. மேலே கஷாயமும் கீழே சேறும் போட்டியிட்டால் சேறுதான் ஜெயிக்கும்.

14. கோடையில் கோழியோடு சேர்ந்து சூட்டை உணர்.
கோழி தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் சிறுநீரகத்திலேயே செய்துகொள்ளும். சித்திரை வெயிலில் மட்டும் அது போதாமல் போகும். அப்போது நெல்லிக்காய்ச் சாறு உண்மையில் உதவும். விடியற்காலையில் கொடு, வெயில் ஏறிய பிறகு அல்ல. குளோரின் தண்ணீரில் கலந்தால் நெல்லியின் சத்தும் குளோரினும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆனால் நெல்லிக்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. தொட்டிக்கும் குழாய்க்கும் நிழல் போடு. காலை பத்து மணிக்குத் தீவனத்தைத் தூக்கிவிடு. செரிமானமே உடம்பில் சூடு. கூரையில் தென்னோலை பரப்பித் தண்ணீர் தெளி. மதியம் நீயே உள்ளே மெல்ல நடந்து கோழியை எழுப்பிவிடு. வயிற்றுக்கடியில் தேங்கிய சூடு வெளியேறும். உன் மாமா கத்திரி வெயிலில் வீட்டில் மின்விசிறியடியில் படுத்ததே இல்லை. ஷெட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த வருடங்களில் எங்களுக்குக் கோடைச் சாவு குறைவு.

15. பிறர் தட்டில் விழுவதை உன் தட்டில் விழுவதாக நினை.
ஆன்டிபயாட்டிக்கை வெறுக்காதே, நோய் வந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடு. நோய் இல்லாதபோது எடைக்காகக் கொடுக்காதே. சுவீடன் அதை 1986-லேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006-இல் நிறுத்தியது. மனிதருக்குக் கடைசிக் கைகாவலாக இருக்கும் கொலிஸ்டினைக் கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது என்று நம் அரசு 2019-இல் தடை செய்தது. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டால் நாளை ஒரு குழந்தைக்கு அது வேலை செய்யாது. வெகு காலத்துக்கு முன் ஒரு பேட்சுக்கு நானே மருந்து வாங்கி ஊற்றி, நிறுத்தி வைக்க வேண்டிய நாட்கள் முடியும் முன்பே கோழியைப் பிடித்துக் கொடுத்தேன். அன்று வீட்டுக்கு விருந்தாளி வந்தார்கள். எங்கள் ஷெட்டுக் கோழியை அடிக்காமல் பக்கத்துத் தோட்டத்தில் நாட்டுக்கோழி வாங்கிவரச் சொன்னேன். சொன்ன வாய் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டது. என் பிள்ளைக்கு ஆகாதது யார் பிள்ளைக்கு ஆகும்? அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை. உன்னை அது தொடாமல் பார்த்துக்கொள்.

16. செத்த கோழியிடமும் கேள்.
எத்தனை பார்த்தாலும் சில போகும். அதற்கு அழுதுகொண்டு உட்காராதே. அவசரமாகப் புதைத்தும் விடாதே. சாவு திடீரென்று கூடினால் அன்று செத்ததை எடுத்துக்கொண்டு டாக்டரிடமோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போ. அறுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிவதை நாம் பத்து நாள் கஷாயம் வைத்துத் தேடுகிறோம். பிறகு ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடு. எண்ணிக்கையையும் தேதியையும் காரணத்தையும் நோட்டில் எழுது. எழுதியது பாடம், எழுதாதது வெறும் துக்கம்.

கண்ணு, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மஞ்சளும் பூண்டும் நெல்லியும் நல்லவைதான். நான் இன்றும் கொடுக்கிறேன். ஆனால் இத்தனை வருடத்தில் நான் தொட்டியில் ஊற்றியதில் பாதி, கோழியின் நோய்க்காக ஊற்றியது இல்லை. என் பயத்துக்காக ஊற்றியது. எதையாவது செய்துவிட்டோம் என்றால் இரவு தூக்கம் வரும், அதற்காக ஊற்றினேன். இனி நீ அண்டாவைத் தூக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்: இது கோழிக்கா, எனக்கா?

வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். மூலிகைப் பொடி எதுவும் கொண்டுவரவில்லை. உன் மாமாவின் கோணி ஊசியும் ஒரு கண்டு சணலும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். குஞ்சு வண்டி வருவதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் படுதாவை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அத்தை